நாலு மணிக்கூறு தூரம்

எங்கள் வீட்டில் ஒருவர் ஊருக்குப் புறப்பட்டால், அவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்ற சேதி வரும்வரை வீட்டைப் பெருக்கக் கூடாது. பெருக்கினால் போனவரையும் சேர்த்துத் தள்ளிவிட்டது போலாகும் என்பது குப்பியின் சட்டம். குப்பி என்றால் எங்கள் வழக்கில் அத்தாவின், அதாவது அப்பாவின், அக்காள். மார்க்கத்தில் இதற்கெல்லாம் இடமில்லை என்று பள்ளிவாசல் உஸ்தாது ஒருமுறை சொல்லிப் பார்த்தார். குப்பி முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு பணிவாகக் கேட்டுவிட்டு, "நீங்க சொல்றது சரிதான் உஸ்தாதே. ஆனா அது வெளக்கமாறுக்குத் தெரியாதுல்ல" என்றார்.

பாலக்காட்டுக்கோ கோயமுத்தூருக்கோ போகிறவர்களால் பெரிய சிக்கல் இல்லை. மூன்று நான்கு மணி நேரம் குப்பை கிடக்கும், போன் வரும், பெருக்கிவிடுவார்கள். ஆனால் மாமா துபாய்க்குப் புறப்பட்டார். அதுவரை எங்கள் குடும்பத்தில் யாரும் விமானத்தில் ஏறியதில்லை. ஆகாயத்தில் போகிறவர் எத்தனை மணிக்குப் போய்ச் சேருவார், எப்போது துடைப்பத்தைத் தொடலாம் என்று சொல்ல வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. அதனால் அந்தப் பொறுப்பு ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த என்னிடம் வந்தது.

எங்கள் வீட்டில் முதலில் எழுத்துக் கூட்டியவன் நான். அத்தா கொச்சியில் மட்டாஞ்சேரி பஜாரில் பாண்டிகசாலை என்கிற சரக்குக் கிடங்குகளுக்கு மூட்டை சுமப்பவர். சாக்கின் மேலே அடித்திருக்கும் மையைப் பார்த்து எது சுக்கு எது மிளகு என்று சொல்லிவிடுவார், ஆனால் அது எழுத்தை வாசித்து அல்ல. ரேஷன் கார்டு, கரண்டு பில், மாத்திரை அட்டை எல்லாம் என் கைக்கு வரும். நான் சொன்னால் அப்படியே நம்புவார்கள். அந்த நம்பிக்கை எனக்குப் பெருமையாக இருந்தது என்று எழுத ஆசைதான். உண்மையில் பயமாக இருந்தது. ஒருநாள் நான் தப்பாக வாசித்து, அதன்படி யாராவது மாத்திரை விழுங்கிவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்து, ஒவ்வொரு அட்டையையும் மூன்று தடவை வாசிப்பேன்.

மாமா அம்மாவின் தம்பி. சின்ன வயதிலிருந்தே எங்கள் வீட்டில் வளர்ந்தவர். அத்தாவோடு சேர்ந்து மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். அடுத்த தெருவில் அவருக்கு ஒரு பெண்ணைப் பேசியிருந்தார்கள். பெண்ணின் அத்தா ஒரு நிபந்தனை வைத்தார். பையன் குணமானவன், பெண் கொடுக்கத் தடையில்லை, ஆனால் கடல் தாண்டிப் போயிருக்க வேண்டும். அவருடைய மூத்த மகன் பதினைந்து வருடமாகத் துபாயில் இருந்தார். அந்த வீட்டுக்கு மாடி வந்தது அப்படித்தான். ஆகவே மருமகனும் அப்படியே இருக்க வேண்டும் என்று பெரியவர் நினைத்ததில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. மாமா ஒரு ஏஜென்டைப் பிடித்தார். ஒரு வருடம் அலைந்தார். கடைசியில் ஒரு நாள், வியாழக்கிழமை காலை பத்தேகாலுக்கு விமானம் என்று சொன்னார்கள்.

நான் தயாரிப்பில் இறங்கினேன். படகுத்துறைக்குப் பக்கத்தில் டிக்கெட் போடுகிற கடை ஒன்று இருந்தது. அங்கே போய், துபாய்க்கு எத்தனை மணிக்கூறு ஆகும் என்று கேட்டேன். மணிக்கூறு என்றுதான் கேட்டேன், மணி நேரம் என்று சொல்ல எனக்கு அப்போது வராது.

"யாருக்கு, உனக்கா?" என்றார் கடைக்காரர்.

"மாமாவுக்கு."

"மாமாவுக்கும் நாலு மணிக்கூறுதான்."

எனக்கு அது போதவில்லை. கேள்விப்பட்டதை நம்பி ஒரு உயிரின் விஷயத்தில் முடிவு சொல்ல முடியுமா? வகுப்பு ஆசிரியரிடம் கெஞ்சி, பள்ளியின் அட்லஸை இரண்டு நாளுக்கு வாங்கி வந்தேன். ஆசியாப் பக்கத்தைத் திறந்து, அம்மாவின் தையல் நூலை எடுத்து ஒரு முனையைக் கொச்சியில் வைத்து மறு முனையைத் துபாய் வரை இழுத்தேன். நூலை ஸ்கேலில் அளந்து, பக்கத்தின் அடியில் இருந்த அளவுகோலோடு பெருக்கினேன். இரண்டாயிரத்து எண்ணூறு கிலோமீட்டருக்குப் பக்கத்தில் வந்தது. அதை நாலாகப் பங்கிட்டு, நூலில் பேனாவால் புள்ளிகள் வைத்தேன். ஒரு புள்ளிக்கு ஒரு மணி நேரம், எழுநூறு கிலோமீட்டர். பத்தேகாலுக்குக் கிளம்பினால் இரண்டேகாலுக்கு இறங்கும். பெட்டி எடுத்து வெளியே வந்து போன் தேடிப் பேச இன்னும் ஒரு மணி நேரம். மூன்றேகால். விடை கிடைத்த பிறகும் இரண்டு தடவை முதலிலிருந்து போட்டுப் பார்த்தேன்.

வியாழக்கிழமை விடியும் முன்பே வீடு நிறைந்துவிட்டது. அனுப்பி வைக்க வந்த சொந்தக்காரர்கள் இருபது பேர் இடியாப்பமும் கோழிக் குழம்பும் சாப்பிட்டார்கள். ஐந்தரை மணிக்கு வேன் வந்தது. மாமா புதுச் சட்டையோடு எல்லாரிடமும் சொல்லிக்கொண்டார். என்னிடம் வந்ததும் குனிந்து காதோரம் சொன்னார். "கணக்கு உன் கையில இருக்கு. குப்பியை நம்பாதே. ஒரு துணி எடுத்து ஒட்டடை தட்டக் கூட விடாதே, என்ன?"

அவர் விளையாட்டாகச் சொன்னார். நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

அத்தாவும் இன்னும் நாலு ஆண்களும் வேனில் ஏறினார்கள். வேன் திரும்பியதும் நான் வீட்டுக்குள் வந்து தரையைப் பார்த்தேன். நசுங்கிய இடியாப்பம், வெங்காயத் தோல், அட்டைப்பெட்டி கட்டிய கயிற்றுத் துண்டுகள், புதுச் சட்டையிலிருந்து பிடுங்கிய குண்டூசிகள், பழைய பேப்பர். பத்து மணிக்குள் எறும்பு வந்தது. முதலில் ஒரு வரிசை, பிறகு மூன்று. நான் துடைப்பத்தை எடுத்து அரிசி டிரம்முக்குப் பின்னால் செருகிவிட்டு, அட்லஸோடு அதன் அருகிலேயே உட்கார்ந்தேன்.

நூலைக் கொச்சியிலிருந்து துபாய்க்கு நீட்டி முனைக்கொரு தீப்பெட்டி வைத்தேன். மாமாவுக்குப் பதிலாக ஒரு மிளகு. எங்கள் வீட்டில் மிளகுக்குப் பஞ்சமில்லை, அத்தாவின் சட்டைப் பையைக் கவிழ்த்தால் நாலு விழும். பத்தேகால் ஆனதும் மிளகைக் கொச்சியிலிருந்து நகர்த்தினேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் கால் மணிக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாக மேற்கே தள்ளினேன். பதினொன்றேகாலுக்கு முதல் புள்ளி. சுற்றிலும் நீலம். லட்சத்தீவையும் தாண்டியாகிவிட்டது. இனி துபாய் பக்கம் கரை வரும் வரைக்கும் ஒரு புள்ளி அளவு நிலம் கூட இல்லை. அட்லஸில் அதைப் பார்த்த பிறகுதான் மாமா எங்கே இருக்கிறார் என்பது எனக்கு உறைத்தது. ஃபேன் காற்றில் மிளகு உருண்டுவிடாமல் விரலால் பிடித்துக்கொண்டேன்.

பன்னிரண்டு மணி வாக்கில் அத்தா திரும்பி வந்தார். உள்ளே விடவில்லை, கண்ணாடிக்கு வெளியே நின்றே பார்க்க வேண்டியதாயிற்று என்று சொல்லிக்கொண்டிருந்தபோது பெண்ணின் அண்ணனும் வந்து சேர்ந்தார். துபாய்க்காரர் அவர்தான். ஒரு மாத லீவில் வந்திருந்தார். தெருவே அவரை இக்கா, அதாவது அண்ணன், என்று அழைக்கும், நாங்களும் அப்படித்தான். காலையில் வர முடியாததால், தங்கைக்கு நிச்சயித்த மாப்பிள்ளை போய்ச் சேர்ந்த சேதியைக் கேட்டுக்கொண்டு போக வந்திருந்தார். சொந்த வீட்டில் போய்ச் சொல்ல வேண்டுமல்லவா? கடல் தாண்டியாயிற்று என்று.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையைப் பார்த்தார். "போன் வரலையா இன்னும்?"

"மூணேகாலுக்கு முன்னாடி வராதாம். ஐயா சொல்லியாச்சு" என்று குப்பி என்னைக் காட்டினார். "அதுவரைக்கும் எறும்போட குடித்தனம்."

அவர் சிரித்துக்கொண்டே இடியாப்பத்தைத் தாண்டிக் கால் வைத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஒன்றாவதற்குப் பத்து நிமிடம் இருக்கும்போது போன் அடித்தது.

மிளகு அப்போது இரண்டாவது புள்ளியைக் கடந்து கடலுக்கு நடுவில் இருந்தது.

அம்மா ஓடிப்போய் எடுத்தார். "யாரு... தம்பியா?" என்றவர் அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டார். எல்லோரும் சுற்றி நின்றோம். ரிசீவரிலிருந்து மாமாவின் குரல் கொஞ்சம் எனக்கும் கேட்டது. "சேந்துட்டேன்க்கா. நல்லபடியா எறங்கிட்டேன். சாப்பிட்டீங்களா? சாப்பிடுங்க. வீட்டையும் பெருக்கிக்கோங்க." இன்னும் ஏதோ சொல்வதற்குள் கட்டாகிவிட்டது.

குப்பி கையை ஏந்தி அல்ஹம்துலில்லாஹ் சொன்னார். அத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மா மட்டும் ரிசீவரை வைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பின்னாடி ஒரே ஆட்டோ சத்தமும் ஹாரனுமா கேட்டுச்சு. நம்ம தோப்பும்படி ஜங்ஷன்ல நிக்கிற மாதிரி. அங்கயும் ஆட்டோ ஓடுமா இக்கா?"

இக்கா தேநீர் டம்ளரை வாயருகில் வைத்தபடி ஒரு நொடி இருந்தார். "ஓடும்" என்றார்.

நான் அட்லஸின் மேல் குனிந்திருந்தேன். மிளகின் மேலே கடல், கீழே கடல். போன் எங்கிருந்து வந்தது? விமானம் கடலில் இறங்கிவிட்டதா? இறங்கிய பிறகு யாராவது போன் பேச முடியுமா? மௌத்தானவர்கள் வீட்டுக்காரர்களிடம் வந்து, நான் நல்லா இருக்கேன், நீங்க சாப்பிடுங்க என்று கனவில் சொல்லிவிட்டுப் போவார்கள் என்று குப்பியே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். போனில் சொல்ல மாட்டார்களா? பத்து வயதில் என் மூளை அந்த வழியில்தான் ஓடியது. வேறு எந்த வழியிலும் ஓட எனக்குத் தெரியவில்லை.

டிரம்முக்குப் பின்னால் சரசர என்று சத்தம் கேட்டது. குப்பி துடைப்பத்தை உருவிக்கொண்டிருந்தார்.

"பெருக்காதீங்க" என்றேன்.

"போன் வந்தாச்சுடா."

"மாமா இன்னும் போய்ச் சேரல. சேந்திருக்க முடியாது."

அத்தா, "என்ன பேச்சு பேசறே" என்று எழுந்தார். அந்த வீட்டில் அன்று சொல்லவே கூடாத வார்த்தையை நான் சொல்லிவிட்டேன் என்பது அவர் முகத்திலிருந்து தெரிந்தது. ஆனாலும் நிறுத்த முடியவில்லை. அழுதுகொண்டே நூலைக் காட்டினேன், புள்ளிகளைக் காட்டினேன், எழுநூறை நாலால் பெருக்கிக் காட்டினேன். நாலு மணிக்கூறு ஆகும், இரண்டரை மணிக்கூறில் கடல்தான் இருக்கிறது என்றேன். குப்பி துடைப்பத்தைத் தரையில் ஊன்றி, "கூடப் பறந்து போய்ப் பாத்த மாதிரி சொல்றான் பாரு" என்றார். அத்தாவுக்குக் கோபமும் குழப்பமும். என் கணக்கை இதுவரை அவர் சந்தேகப்பட்டதில்லை. இன்று நம்பினால் மாமாவைப் பொய்யாக்க வேண்டும்.

அத்தா இக்காவைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. எத்தனையோ தடவை போய் வந்தவரு. நாலு மணிக்கூறா ஆகும்?"

இக்கா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து தரையில், அந்தக் குப்பையிலேயே, சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "கொண்டா மோனே, பாக்கட்டும்."

அட்லஸை அவர் பக்கம் திருப்பினேன். அவர் தீப்பெட்டிகளை எடுத்துவிட்டு, நூலின் ஒரு முனையைக் கொச்சியில் பெருவிரலால் அழுத்திப் பிடித்தார். மறுகையால் முதல் புள்ளிக்கும் இரண்டாவது புள்ளிக்கும் நடுவில் பிடித்து நூலைத் தூக்கினார். நான் மேற்கே வைப்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வைக்கவில்லை. நூலை மெதுவாக மேலே திருப்பினார். கண்ணூர், மங்களூர், கோவா என்று கரையோரமாகவே நூல் ஏறிக்கொண்டு போனது. ஓர் இடத்தில் நின்றது. அவர் விரலுக்கு அடியில் என்ன பெயர் இருந்தது என்று நான் எட்டிப் பார்த்தேன். மும்பை. எதற்காக அங்கே வைக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. துபாய் எந்தப் பக்கம் என்று கூட இவருக்குத் தெரியவில்லையே என்று தோன்றியது.

"அங்க இல்ல இக்கா. இந்தப் பக்கம்" என்று காட்டினேன்.

"ஆமா. அந்தப் பக்கம்தான்" என்றார். பிறகு தலை நிமிராமலே அத்தாவிடம் கேட்டார். "எல்லாரும் ஒரே வாசல் வழியாவா உள்ள போனாங்க?"

"இல்ல. கூட்டமா நின்ன பெரிய வாசல் ஒண்ணு. ஏஜென்ட் ஆளு இவங்க பதினோரு பேரையும் கூட்டிக்கிட்டு பக்கத்துல இருந்த சின்னக் கட்டடத்துக்குப் போனான். ஏன் இக்கா?"

"சும்மா கேட்டேன். கூட்டம் இல்லாத வழியா பாத்துக் கூட்டிட்டுப் போயிருக்கான்."

நூலை என் கையில் சுருட்டிக் கொடுத்துவிட்டு எழுந்து, உட்கார்ந்த இடத்தில் ஒட்டிய இடியாப்பத்தைத் தட்டிக்கொண்டார். எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள். அடுத்து அவர் சொன்னதை நான் எழுத்துக்கு எழுத்து ஞாபகம் வைத்திருக்கிறேன், ஏனென்றால் பல வருடம் அதை நினைத்து நினைத்து எரிச்சல்பட்டிருக்கிறேன்.

"பையன் கணக்கு நல்லாத்தான் போட்டிருக்கான். ஒண்ணு மட்டும் விட்டுட்டான். அங்க நம்மளைவிட ஒண்ணரை மணிக்கூறு பின்னாடி. நமக்கு மணி ஒண்ணுன்னா அங்க பதினொண்ணரை. அந்த ஒண்ணரை மணிக்கூறு நமக்கு லாபம். அதான் போன் சீக்கிரம் வந்திடுச்சு. சேந்துட்டான், நிச்சயமா சேந்துட்டான்."

வீடு முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்தது. "அப்படிச் சொல்லுங்க" என்றார் அத்தா. பதினைந்து வருடம் பறந்தவர் சொன்ன பிறகு ஐந்தாம் வகுப்புக்கு என்ன மரியாதை?

ஆனால் எனக்குள் அது சேரவே இல்லை. அங்கே கடிகாரத்தைத் திருப்பி வைத்தால் விமானம் எப்படி வேகமாகப் போகும்? இங்கிருந்து கிளம்பி நாலு மணி நேரம் கழித்துத்தானே இறங்கும்? இறங்கும்போது அங்கே அவர்கள் கடிகாரம் என்ன காட்டினால் என்ன, எங்கள் வீட்டுச் சுவரில் இரண்டேகால்தானே ஆகியிருக்க வேண்டும்? வாயைத் திறந்தேன். அம்மாவின் கை பின்னாலிருந்து என் தோளில் விழுந்தது. அழுத்தமாக.

குப்பி பெருக்கக் குனிந்தார். நான் ஓடிப்போய்க் குப்பைக்கு மேலேயே உட்கார்ந்துவிட்டேன். எறும்புகள் கால்சட்டைக்குள் ஏறின, நான் எழவில்லை. அத்தா என்னைப் பிடித்து இழுக்க வந்தபோது இக்கா தடுத்தார்.

"விடுங்க. அவன் சொல்ற மூணேகால் வரைக்கும் கிடக்கட்டும். குப்பைக்குக் கால் முளைச்சா ஓடப் போகுது?"

"சேந்துட்டான்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றார் குப்பி.

"சொன்னேன். அதுக்காக ஒரு குழந்தையை அழ வைக்கணுமா தாத்தா?" தாத்தா என்று எங்கள் பக்கத்தில் மூத்த சகோதரியைச் சொல்வோம். குப்பி முணுமுணுத்துக்கொண்டே நின்றார். அம்மா வந்து அவர் கையிலிருந்த துடைப்பத்தை வாங்கினார். வாங்கும்போது இக்காவைப் பார்த்தார். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா துடைப்பத்தைக் கொண்டுபோய் முன்பிருந்த இடத்திலேயே செருகினார்.

இக்கா சாப்பிட உட்காரவில்லை. லுஹர் தொழுகைக்கு நேரமாயிற்று என்று புறப்பட்டுவிட்டார். போகும்போது மாமா போன டிராவல்ஸின் பெயரை அத்தாவிடம் கேட்டு, ஏஜென்டின் நம்பரை வாங்கிக்கொண்டார். போய்ச் சேர்ந்துவிட்டவருக்கு ஏஜென்ட் நம்பர் எதற்கு என்று எனக்குத் தோன்றவில்லை. அத்தாவுக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை.

மூன்றேகாலுக்கு நான் போனின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அது அடிக்கவில்லை. அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். குப்பி வீட்டைப் பெருக்கினார். ஆனால் மாமா பாய் போட்டுப் படுக்கிற சன்னலோர மூலைக்குக் குப்பி வந்தபோது அம்மா, "அது கிடக்கட்டும், நான் பாத்துக்கறேன்" என்றார். அவர் பார்க்கவே இல்லை. அன்றைக்கும் இல்லை, அடுத்த வாரமும் இல்லை. இரண்டு மாதம் அந்த மூலையில் அட்டைப்பெட்டிக் கயிறும் நாலு குண்டூசியும் அப்படியே கிடந்தன. என்னுடைய கணக்கை எல்லோரும் மறந்துவிட்டார்கள், அம்மா பெருக்கவும் மறந்துவிட்டார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

நடந்தது என்ன என்று அம்மா எனக்குச் சொன்னது நான் கல்லூரியில் சேர்ந்த பிறகு. மாமாவும் கூடப் போன பத்துப் பேரும் அன்று துபாய்க்குப் பறக்கவில்லை. அந்தச் சின்னக் கட்டடம் உள்நாட்டு விமானங்களுக்கானது. மும்பையில் இறக்கி, விசா இன்னும் வரவில்லை, இரண்டு நாள் பொறுங்கள் என்று ஒரு அறையில் அடைத்துவிட்டார்கள். இரண்டு நாள் இரண்டு மாதமானது. விமான நிலையத்தைவிட்டு வெளியே வந்த முதல் நிமிடத்திலேயே மாமா கண்டுபிடித்த போன் பூத் ஒன்றிலிருந்து அந்தப் பொய்யைச் சொல்லியிருந்தார். வீட்டில் எல்லோரும் பட்டினியாகக் காத்திருப்பார்கள், பெண் வீட்டு ஆளும் வந்திருப்பார் என்று அவருக்குத் தெரியும். இக்கா லீவை முடிக்காமலே நாலாம் நாள் கிளம்பிப் போனார். போன கையோடு, தான் வேலை செய்த கிடங்கின் முதலாளியிடம் நின்று மாமாவுக்கு விசா எடுத்தார். தன் வீட்டாரிடம், மாப்பிள்ளையை நேரில் பார்த்தேன், நன்றாக இருக்கிறான் என்று வாரம் தவறாமல் போனில் சொல்லிக்கொண்டே இருந்தார். நிஜமாகவே பார்த்த அன்று, எங்கள் வீட்டுக்கு மட்டும் ஒரு போன் வந்தது. அன்றைக்குத்தான் அம்மா அந்த மூலையைப் பெருக்கினார்.

இதொன்றும் தெரியாமல்தான் மாமாவின் நிக்காஹுக்கு நான் போய் நின்றேன். மாமா முதல் லீவில் வந்திருந்தார். நான் எட்டாம் வகுப்புக்கு வந்திருந்தேன். அந்த வருடம்தான் தீர்க்கரேகை, நேர வித்தியாசம் எல்லாம் பாடத்தில் வந்தது. வாசிக்க வாசிக்க, மூன்று வருடத்துக்கு முந்தைய அந்த மத்தியானம் எழுந்து வந்து முன்னால் நின்றது. நான் சொன்னதுதான் சரி. இனி யாரும் மறுக்க முடியாது, புத்தகத்திலேயே இருக்கிறது.

பெண் வீட்டுக் கொல்லையில் பிரியாணி தம்மில் இருந்தது. அடுப்பின் பக்கத்தில் இக்கா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தனியாக நின்றார். புகையில் கண் சிவந்திருந்தது. நான் நேராகப் போனேன்.

"இக்கா, அன்னைக்கு நீங்க சொன்ன கணக்கு தப்பு."

"எது மோனே?"

"ஒண்ணரை மணிக்கூறு லாபம்னு சொன்னீங்களே. மாமா துபாய் போனப்ப."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். என் முகத்தை ஏதோ தேடுவது போலப் பார்த்தார். அப்புறம் சிரித்தார். "தப்பாவா சொன்னேன்? நான் பள்ளிக்கூடம் போகாதவன். கணக்கு எனக்கு எப்பவும் தகராறுதான்."

எனக்கு அவர் மேல் இரக்கமாகிவிட்டது. பதினெட்டு வருடம் கடலுக்கு மேலே போய் வந்துகொண்டிருக்கிறார், எத்தனை மணிக்கூறு பறந்தோம் என்று கூடத் தெரியாமல். ஒரு குச்சியை எடுத்து அங்கேயே மண்ணில் கோடு போட்டேன். இது கொச்சி, இது துபாய். பதினைந்து பாகைக்கு ஒரு மணி நேரம். கடிகாரம்தான் மாறும், பயண நேரம் மாறாது. ஒவ்வொரு வரிக்கும் "புரியுதா?" என்று கேட்டேன். அவர் என் எதிரில் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு தடவையும் தலையாட்டினார். உள்ளேயிருந்து யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். "இதோ வர்றேன்" என்றாரே தவிர எழவில்லை.

கடைசியில் அவரே கேட்டார். "அப்போ அன்னைக்குப் போன் எப்படி அவ்வளவு சீக்கிரம் வந்துச்சு?"

அதையும் நான் யோசித்து வைத்திருந்தேன். "எங்க வீட்டுக் கடிகாரம் நின்னு போயிருக்கும். பாட்டரி தீர்ந்து, அப்புறம் திரும்ப ஓடியிருக்கும்."

"அப்படித்தான் இருக்கும்" என்றார் இக்கா. "நீ சொன்னாத்தான் தெரியுது."

ஒருவழியாக இவருக்கும் புரிய வைத்தாயிற்று என்று எனக்குப் பெரிய நிம்மதி. குச்சியைப் போட்டுவிட்டு, பிரியாணி எடுக்க இன்னும் எத்தனை நேரம் ஆகும் என்று அவரிடம் கேட்டேன்.